இலவச மருந்தையும் கொடுக்க மறுத்த அரசு: தென்னாப்பிரிக்காவின் நெவிரபின் வழக்கு, 2002

2000 ஜூலையில ஜெர்மனியோட போரிங்கர் இங்கல்ஹைம் கம்பெனி ஒரு அறிவிப்பு விட்டாங்க, வளரும் நாடுகளுக்கு நெவிரபின் மருந்தை அஞ்சு வருஷம் இலவசமா தர்றோம்னு. தாய்கிட்ட இருந்து பிரசவ நேரத்துல குழந்தைக்கு ஹெச்ஐவி தொற்றுறதை பெரிய அளவுல குறைக்கிற மருந்து அது. பயன்படுத்துறதும் ரொம்ப எளிது, பிரசவ வலி ஆரம்பிச்சதும் தாய்க்கு 200 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு, குழந்தை பொறந்து 72 மணி நேரத்துக்குள்ள வாயில கொஞ்சம் சிரப், அவ்வளவுதான். அப்போ தென்னாப்பிரிக்காவுல அரசு ஆஸ்பத்திரிக்கு வர்ற கர்ப்பிணிகள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தருக்கு ஹெச்ஐவி இருந்துச்சு, வருஷத்துக்கு சுமார் 70,000 குழந்தைங்க தாய் வழியா தொற்றோட வந்துட்டிருந்தாங்க. மருந்து இலவசம், நாட்டோட மருந்துக் கட்டுப்பாட்டு கவுன்சிலே 2001 ஏப்ரல்ல இதுக்கு ஒப்புதலும் கொடுத்துருச்சு. ஆனா அரசு என்ன பண்ணுச்சுன்னா, மாகாணத்துக்கு ரெண்டே இடம், ஒண்ணு நகரத்துல ஒண்ணு கிராமத்துல, 9 மாகாணத்துக்கும் சேர்த்து 18 இடத்துல மட்டும் "பைலட்" திட்டமா கொடுத்துப் பார்ப்போம், ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணிட்டு அப்புறம் மத்ததை முடிவு பண்ணலாம்னு சொல்லிருச்சு. அரசு ஆஸ்பத்திரில நடக்குற பிரசவங்கள்ல சுமார் 10 சதவீதம்தான் அந்த இடங்களுக்குள்ள வந்துச்சு.

மீதி ஆஸ்பத்திரிகள்ல வேலை பார்த்த டாக்டருங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. எதிர்ல ஹெச்ஐவி உள்ள தாய் பிரசவ வலியில இருக்கா, மருந்து என்னன்னு டாக்டருக்கு தெரியும், எழுதிக் கொடுக்க தகுதியும் இருக்கு, ஆனா அரசு சம்பளம் வாங்குற டாக்டர் அங்க அதைக் கொடுக்கக் கூடாது. அதே ஊர்ல தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக காசு இருக்குறவங்களுக்கு தாராளமா கிடைக்குது. ஏழையா இருந்ததாலதான் அந்தக் குழந்தைக்கு தொற்று வந்துச்சுன்னு இதை விட வெளிப்படையா சொல்ல வேற உதாரணம் தேட வேண்டியதில்ல.

மனித உரிமை, அரசியல் சாசனம், நீதிமன்றம்னு பேசும்போதெல்லாம் நான் இந்த கேஸைத்தான் முதல்ல எடுப்பேன். சாசனத்துல ஒரு வரி, அதைப் படிக்கிற கோர்ட்டு, அந்த வரியைத் தூக்கிட்டு கோர்ட்டுக்குப் போற ஜனங்க, இந்த மூணுல எதை எடுத்துட்டாலும் அந்த மருந்து அந்தக் குழந்தை வாய்க்குப் போயிருக்காதுன்னு படிப்படியா காட்டுற கேஸ் இது. மூணுல எது கனமா உழைச்சுச்சுன்னு கேட்டா என் பதில் மூணாவதுதான், ஏன்னு போகப் போக சொல்றேன்.

சாசனத்துல என்ன எழுதியிருந்துச்சு

1996ல எழுதின தென்னாப்பிரிக்க அரசியல் சாசனம் நம்ம சாசனத்துலேர்ந்து ஒரு பெரிய விஷயத்துல வேறுபடுது. நம்ம ஊர்ல வேலை, கல்வி, ஊட்டச்சத்து, பொது சுகாதாரம் இதெல்லாம் ஆரம்பத்துல வழிகாட்டு நெறிகள்னு தனியா வச்சாங்க, கோர்ட்டுல போய் நேரடியா கேட்க முடியாது. (அப்புறம் நம்ம உச்ச நீதிமன்றம் உயிர் வாழுற உரிமையைச் சொல்ற 21வது பிரிவு வழியா ஒவ்வொண்ணா உள்ள கொண்டு வந்தது வேற கதை.) தென்னாப்பிரிக்காவுல வீடு, மருத்துவம், உணவு, தண்ணி எல்லாத்தையும் உரிமைகள் பட்டியலுக்குள்ளயே போட்டாங்க. பிரிவு 27, எல்லாருக்கும் மருத்துவ சேவையை அணுகுற உரிமை உண்டு, இனப்பெருக்கம் சார்ந்த மருத்துவமும் அதுல சேரும்னு சொல்லுது. அதோட ரெண்டாவது உட்பிரிவு, இந்த உரிமை படிப்படியா நிறைவேற கையில இருக்குற வளத்துக்கு உட்பட்டு அரசு நியாயமான நடவடிக்கை எடுக்கணும்னு சொல்லுது. பிரிவு 28 குழந்தைகளுக்கு அடிப்படை மருத்துவம் உண்டுன்னு தனியா சொல்லுது. இன்னொரு முக்கியமான பிரிவு 38, பாதிக்கப்பட்டவங்க மட்டும்தான் கேஸ் போடணும்னு இல்லாம பொதுநலனுக்காக யார் வேணா, ஒரு அமைப்பு கூட, கோர்ட்டுக்கு வரலாம்னு கதவைத் திறந்து வச்சது.

"கையில இருக்குற வளத்துக்கு உட்பட்டு", "படிப்படியா". ரெண்டு வார்த்தையும் சேர்ந்தா ஒரு அரசாங்கம் காலம் முழுக்க ஒளிஞ்சுக்க இடம் இருக்கு. முதல் கேஸ்ல அப்படித்தான் ஆச்சு. 1997ல டர்பன்ல சூப்ரமணின்னு ஒருத்தர், நம்ம சுப்ரமணிதான், 1860லேர்ந்து கரும்புத் தோட்ட வேலைக்கு கப்பலேறிப் போனவங்க வம்சம் நிறைய இருக்குற ஊர் அது, ரெண்டு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸ் கேட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போறார். அங்க இருந்தது 20 மெஷின்தான், அதுலயும் சிலது நல்ல நிலைமைல இல்ல, அதனால மாற்று சிறுநீரகம் பொருத்தத் தகுதி உள்ளவங்களுக்குத்தான் முன்னுரிமைன்னு விதி. அவருக்கு சர்க்கரை, இதய நோய் எல்லாம் இருந்ததால தகுதி இல்லன்னு அனுப்பிட்டாங்க. கேஸ் அரசியல் சாசன நீதிமன்றம் வரைக்கும் போச்சு, நீதிபதிங்க வருத்தத்தோடயே தள்ளுபடி பண்ணாங்க, வளம் இல்லாதபோது யாருக்கு முதல்ல கொடுக்கணும்னு ஆஸ்பத்திரி நேர்மையா முடிவு பண்ணா அதுல நாங்க தலையிட மாட்டோம்னு. தீர்ப்பு வந்து கொஞ்ச நாள்ல அவர் இறந்துட்டார்.

அடுத்தது 2000 அக்டோபர்ல வந்த க்ரூட்பூம் வழக்கு, கேப்டவுன் பக்கத்துல வாலஸ்டீன்ல குடிசையிலேர்ந்து விரட்டப்பட்டு விளையாட்டு மைதானத்துல பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில கிடந்த குடும்பங்களோட கேஸ். இங்க கோர்ட் ஒரு அடி முன்னாடி வச்சது. உனக்கு வீடு இந்தா, நாளைக்கு கட்டிக் கொடுன்னு உத்தரவு போடல, ஆனா அரசோட வீட்டுத் திட்டத்துல இப்போ உடனே தலைக்கு மேல கூரை இல்லாதவங்களுக்குன்னு எதுவுமே இல்ல, அப்படிப்பட்ட திட்டம் நியாயமானது இல்லன்னு சொன்னாங்க. நல்ல தீர்ப்பு. ஆனா அந்த கேஸ் போட்ட இரீன் க்ரூட்பூம் 2008ல இறக்கும்போதும் சரியான வீடு கிடைக்காமத்தான் இறந்தார். தீர்ப்பு கையில இருந்துச்சு, அதை எடுத்துட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி விடாம கேட்க பின்னாடி ஒரு பலமான இயக்கம் இல்ல. நெவிரபின் கேஸ்ல வேறயா நடந்தது இந்த இடத்துலதான்.

டி-ஷர்ட்டும் வகுப்பும்

ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன், சுருக்கமா டாக். 1998 டிசம்பர் 10, மனித உரிமை நாளன்னைக்கு கேப்டவுன் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல் படிக்கட்டுல ஒரு சின்ன கூட்டம் உட்கார்ந்து ஆரம்பிச்ச இயக்கம். முன்னாடி நின்னவர் ஸாக்கி அக்மத், நிறவெறிக்கு எதிரா போராடின பழைய ஆள், ஆளுங்கட்சி ஏஎன்சி உறுப்பினர், தனக்கு ஹெச்ஐவி இருக்குன்னு வெளிப்படையா சொன்னவர். ஏழை மக்களுக்கு அரசு ஆஸ்பத்திரில கிடைக்கிற வரைக்கும் நானும் ஹெச்ஐவி மருந்தை சாப்பிட மாட்டேன்னு உடம்பு மோசமானப்பவும் மறுத்துட்டார், 2002ல மண்டேலாவே வீட்டுக்கு வந்து எடுத்துக்கப்பான்னு கேட்டார், அப்பவும் கேட்கல. அது சரியான முடிவான்னு எனக்கு இன்னைக்கும் தெளிவு இல்ல, உயிரைப் பணயம் வைக்கிறதை புகழ எனக்கு மனசு வரல, ஆனா அவர் பேச்சுக்கு அந்த எடை எங்கேர்ந்து வந்துச்சுன்னு புரியுது.

இயக்கம் ஆரம்பிச்ச அதே மாசத்துல டர்பன் பக்கம் க்வாமாஷுல குகு த்லாமினின்னு ஒரு பொண்ணை, தனக்கு ஹெச்ஐவி இருக்குன்னு பொதுவுல சொன்னதுக்காக அடிச்சே கொன்னாங்க. அதுக்கு பதிலாத்தான் அந்த வெள்ளை டி-ஷர்ட் வந்துச்சு, நெஞ்சுல பெருசா ஊதா எழுத்துல "ஹெச்ஐவி பாசிட்டிவ்"னு. தொற்று உள்ளவங்க, இல்லாதவங்க எல்லாரும் போட்டுக்கிட்டாங்க, யாருக்கு இருக்கு யாருக்கு இல்லன்னு பார்க்குறவனுக்குத் தெரியாது, தனியா ஒருத்தரைப் பிரிச்சு அடிக்க முடியாது.

ஆனா டி-ஷர்ட்டை விட முக்கியமான வேலை வகுப்பு. "சிகிச்சை அறிவு"ன்னு பேர் வச்சு டவுன்ஷிப் (நிறவெறிக் காலத்துல கறுப்பர்களுக்குன்னு ஒதுக்கின குடியிருப்பு) கிளினிக்ல, சர்ச் ஹால்ல, தொழிற்சங்க ஆபீஸ்ல ஆளுங்களை உட்கார வச்சு கத்துக் கொடுத்தாங்க. வைரஸ் ரத்த வெள்ளையணுக்குள்ள எப்படிப் போகுது, சிடி4ங்கிற எதிர்ப்பு சக்தி அணுக்களோட எண்ணிக்கைன்னா என்ன, மருந்து எந்தக் கட்டத்துல அதைத் தடுக்குது, பக்க விளைவு என்ன, வேளை தவறினா ஏன் மருந்து வேலை செய்யாமப் போகும், இதெல்லாம் ஸோசா, ஸுலு மொழில படம் வரைஞ்சு. வேலை இல்லாத, பள்ளிப் படிப்பு பாதில நின்ன பெண்கள் அதைக் கத்துக்கிட்டு கிளினிக் காத்திருப்பு ஹால்ல பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு சொல்லிக் கொடுத்தாங்க. அப்புறம் ஒரு அமைச்சர் மேடையில நின்னு இந்த மருந்து விஷம்னு சொன்னா கூட்டத்துலேர்ந்து ஒரு பெண் எந்திரிச்சு எந்த ஆய்வு, எத்தனை பேர்கிட்ட பண்ணது, என்ன டோஸ்னு கேட்கிற நிலைமை வந்துருச்சு.

அது தேவைப்பட்ட காலம். ஜனாதிபதி தாபோ எம்பெக்கி ஹெச்ஐவிதான் எய்ட்ஸுக்குக் காரணமான்னே கேள்வி எழுப்பிட்டிருந்தார், அப்படி மறுக்கிறவங்களையும் சேர்த்து 2000ல ஒரு ஆலோசனைக் குழு வேற போட்டார். அதே வருஷம் ஜூலைல டர்பன்ல உலக எய்ட்ஸ் மாநாடு, 5,000 விஞ்ஞானிகளுக்கு மேல கையெழுத்துப் போட்டு ஹெச்ஐவிதான் காரணம்னு அறிக்கை விட்டாங்க, தாய் வழியா தொற்று வந்த என்கோசி ஜான்சன்னு 11 வயசுப் பையன் மேடையேறி கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுங்கன்னு அரசைக் கேட்டான். அடுத்த வருஷம் ஜூன் 1ஆம் தேதி அவன் இறந்துட்டான். சுகாதார அமைச்சர் மாண்டோ ட்ஷபலாலா-ம்சிமாங் எய்ட்ஸுக்கு பூண்டு, பீட்ரூட், எலுமிச்சைன்னு பேசிட்டிருந்தார்.

இன்னொண்ணையும் இங்க சொல்லணும், டாக் எப்பவும் அரசுக்கு எதிரா நின்ன கூட்டம் கிடையாது. விலை குறைஞ்ச மருந்தை இறக்குமதி பண்ண வழி செய்யுற சட்டத்தை எதிர்த்து 39 மருந்து கம்பெனிங்க தென்னாப்பிரிக்க அரசு மேல கேஸ் போட்டிருந்தாங்க, அதுல டாக் அரசு பக்கம் நின்னு கோர்ட்டுக்குள்ளயும் தெருவுலயும் சண்டை போட்டுச்சு. மும்பை சிப்லா கம்பெனி 2001 பிப்ரவரில மூணு மருந்து சேர்ந்த சிகிச்சையை ஒரு ஆளுக்கு வருஷம் 350 டாலருக்கு தர்றோம்னு சொன்னதும் கம்பெனிகளோட விலைக் கணக்கு மொத்தமா அம்பலமாச்சு, ஏப்ரல்ல கேஸை வாபஸ் வாங்கிட்டுப் போயிட்டாங்க. அரசும் இயக்கமும் சேர்ந்து ஜெயிச்ச நாலே மாசத்துல அதே அரசு மேல அதே இயக்கம் கேஸ் போட வேண்டி வந்துச்சு.

பிரிட்டோரியா, பிரமாணப் பத்திரங்கள்

2001 ஜூலைல டாக்கோட வக்கீலுங்க அமைச்சருக்கும் 9 மாகாண சுகாதாரப் பொறுப்பாளர்களுக்கும் கடிதம் எழுதினாங்க. ரெண்டு கேள்விதான், பைலட் இடங்களுக்கு வெளிய டாக்டர் தேவைன்னு நினைச்சா கொடுக்க அனுமதிப்பீங்களா, நாடு முழுக்க எப்போ விரிவாக்குவீங்க, தேதி சொல்லுங்க. திருப்தியான பதில் வரல. ஆகஸ்ட்ல பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்துல கேஸ். மனுதாரர்கள்ல டாக்கோட சேர்ந்து ஒரு குழந்தை மருத்துவர், ஒரு குழந்தை உரிமை மையம். நடத்தினது லீகல் ரிசோர்சஸ் சென்டர்ங்கிற பொதுநல வக்கீல் அமைப்பு, ஆராய்ச்சிக்கும் தயாரிப்புக்கும் கூட நின்னது எய்ட்ஸ் லா ப்ராஜெக்ட்.

கேஸ் கட்டைப் பார்த்தா இதுல உழைப்பு எங்க போச்சுன்னு தெரியும். பொதுவா மனித உரிமை மனுன்னா பிரிவு எண்ணும் உயர்ந்த வாக்கியங்களும்தான் நிறைய இருக்கும். இவங்க கொண்டு போனது மருத்துவமனை வாரியா ஆதாரம். பைலட்டுக்கு வெளிய இருக்கிற ஆஸ்பத்திரி டாக்டர்கள் என்கிட்ட பரிசோதனை வசதி இருக்கு, ஆலோசனை சொல்ல ஆள் இருக்கு, மருந்து மட்டும்தான் தடைன்னு பிரமாணப் பத்திரம் கொடுத்தாங்க. தாய்மார்கள் தங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு சொந்த வாக்குமூலமா கொடுத்தாங்க. பொருளாதார நிபுணர்கள், தொற்று வந்த ஒரு குழந்தையை கவனிக்கிற செலவை விட தடுக்கிற செலவு எவ்வளவு கம்மின்னு கணக்கு கொடுத்தாங்க. உகாண்டாவுல நடந்து 1999ல வெளியான ஆய்வு, மூணரை மாசம் கழிச்சு பார்க்கும்போது ஏஇசட்டிங்கிற பழைய ஹெச்ஐவி மருந்து கொடுத்த பிரிவுல 25 சதவீதமா இருந்த தொற்று நெவிரபின் கொடுத்த பிரிவுல 13 சதவீதமா இருந்துச்சுன்னு காட்டியிருந்துச்சு, அதுவும் கோப்புல. வேலை பார்க்குற ஊரைப் பகைச்சுக்கிட்டு கையெழுத்துப் போட்ட அந்த அரசு டாக்டர்களை தேடிப் பிடிச்சு தைரியம் கொடுத்தது யாருன்னா, அந்தந்த ஊர் கிளை ஆளுங்கதான்.

2001 டிசம்பர் 14ல நீதிபதி போத்தா டாக் பக்கம் தீர்ப்பு கொடுத்தார். அரசு அப்பீல். அப்பீல் நிலுவைல இருக்கிற வரைக்கும் உத்தரவு தூங்கும், ஆனா குழந்தைங்க தினமும் பொறந்துட்டுத்தான இருக்கும், அதனால இடைக்காலமா டாக்டர்கள் கொடுக்கலாம்னு தனியா ஒரு உத்தரவு கேட்டு வாங்கினாங்க, அதையும் எதிர்த்து அரசு மேல போச்சு. இந்த நேரத்துல, 2002 மார்ச்ல, கோர்ட் உத்தரவுக்குக் கட்டுப்படுவீங்களான்னு டிவி பேட்டில கேட்டப்போ சுகாதார அமைச்சர் மாட்டேன்ங்கிற மாதிரி பதில் சொல்லிட்டார். நாடு அதிர்ந்து போச்சு. அரசியல் சாசனம் வந்து ஆறு வருஷம்கூட முடியல, ஒரு அமைச்சர் கோர்ட்டை மதிக்க மாட்டேன்ங்கிறார்னா அப்புறம் அந்தச் சாசனம் எதுக்கு? நீதித்துறை அமைச்சர் உடனே வெளிய வந்து அரசு உத்தரவுக்குக் கட்டுப்படும்னு சொல்ல வேண்டியதாச்சு. ஏப்ரல் 4ல அரசியல் சாசன நீதிமன்றம் அந்த இடைக்கால அப்பீலை ஏத்துக்கல, ஏப்ரல் 17ல அமைச்சரவையே இறங்கி வந்து, ஹெச்ஐவிதான் எய்ட்ஸுக்குக் காரணம்ங்கிற அடிப்படையில செயல்படுறோம்னு அறிக்கை விட்டுச்சு. இதுக்கு நடுவுல க்வாஸுலு-நாட்டல் மாகாணமும் கௌடெங் மாகாணமும் நாங்களே விரிவாக்குறோம்னு அறிவிச்சிருந்தாங்க, மேற்கு கேப் ஏற்கனவே பண்ணிட்டிருந்துச்சு. முடியவே முடியாதுன்னு மத்திய அரசு சொல்றதை மூணு மாகாணம் செஞ்சு காட்டுது, இதை விட கோர்ட்டுக்கு வேற என்ன ஆதாரம் வேணும்.

2002 ஜூலை 5

மே மாசம் விசாரணை, ஜூலை 5ல தீர்ப்பு. தலைமை நீதிபதி ஆர்தர் சாஸ்கல்சன், நிறவெறி அரசு மண்டேலா மேல போட்ட ரிவோனியா வழக்குல அவருக்காக ஆஜரான வக்கீல்கள்ல ஒருத்தர். தனி நீதிபதி பேர் போடாம "நீதிமன்றம்"னே கையெழுத்திட்டு ஒருமனதா கொடுத்தாங்க.

அரசு நாலு காரணம் சொன்னது, கோர்ட் ஒவ்வொண்ணா எடுத்து பதில் எழுதினது. முதல் காரணம், தாய்ப்பால் கொடுத்தா அது வழியா தொற்று வரும், அப்போ மருந்து கொடுத்து என்ன பயன். கோர்ட் சொன்னது, பால் வழியா சில குழந்தைக்கு வரலாம், ஆனாலும் பிரசவ நேரத்துல தடுக்கப்பட்ட குழந்தைகள்ல நிறைய பேர் தப்பிக்கிறாங்கன்னு ஆதாரம் இருக்கு. ரெண்டாவது, வைரஸ் மருந்துக்குப் பழகிடும். அப்படி ஒரு ஆபத்து இருக்கலாம், ஆனா தொற்று வந்த குழந்தை படப்போற வேதனைக்கும் பிழைக்கிற வாய்ப்புக்கும் முன்னாடி அந்த ஆபத்து எடுக்கத் தகுந்ததுதான். மூணாவது, பாதுகாப்பு பத்தி சந்தேகம். நீங்களே பைலட் இடத்துல அதைத்தான கொடுக்குறீங்க, உங்க மருந்து கவுன்சிலும் உலக சுகாதார நிறுவனமும் பாதுகாப்பானதுன்னு சொல்லியாச்சு. நாலாவதுதான் கனமானது, பரிசோதனை, ஆலோசனை, பால்பவுடர், தொடர் கவனிப்பு இதெல்லாம் சேர்ந்த முழு சேவை கொடுக்க எங்களுக்கு சக்தி இல்ல. சூப்ரமணி கேஸ்ல ஜெயிச்ச வாதம் இது. ஆனா இங்க கோர்ட் பிரிச்சுப் பார்த்துச்சு, வசதி இல்லாத இடத்துல இல்லங்கிறது சரி, வசதியும் பயிற்சி பெற்ற ஆளும் ஏற்கனவே இருக்கிற ஆஸ்பத்திரில ஏன் தடுக்குறீங்க? அதுக்கு அரசுகிட்ட பதில் இல்ல. டயாலிசிஸ் மெஷினை ஒருத்தருக்குக் கொடுத்தா இன்னொருத்தர் இழக்கிறார், இங்க கொடுக்கிறதால யாரும் எதையும் இழக்கல, மருந்தும் இலவசம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா சேர்த்த அந்த பிரமாணப் பத்திரங்களோட பலன் இந்த இடத்துலதான் தெரியுது, அதெல்லாம் இல்லன்னா "எங்ககிட்ட வசதி இல்ல"ன்னு அரசு சொன்ன வார்த்தையை கோர்ட் அப்படியே எடுத்துட்டுப் போயிருக்கும்.

கொள்கை முடிவு அரசோட வேலை, கோர்ட் அதிகபட்சம் தவறுன்னு சொல்லலாம், உத்தரவு போடக் கூடாதுன்னும் அரசு வாதாடினது. கொள்கை சாசனத்துக்கு முரணா இருந்தா அப்படின்னு சொல்றது எங்க கடமை, தேவைப்பட்டா செய்யுன்னு உத்தரவு போடவும் அதிகாரம் இருக்குன்னு கோர்ட் தெளிவா எழுதிருச்சு. உத்தரவும் சுருக்கம்தான், தாமதம் இல்லாம தடையை நீக்கு, டாக்டரும் ஆஸ்பத்திரி கண்காணிப்பாளரும் தேவைன்னு சொல்ற இடத்துல மருந்து கொடுக்க அனுமதி கொடுத்து வசதி பண்ணு, மத்த இடங்கள்லயும் ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடு, பரிசோதனை வசதியை நாடு முழுக்க விரிவாக்கு. பிற்காலத்துல இதை விட நல்ல முறை வந்தா கொள்கையை மாத்திக்க அரசுக்கு உரிமை உண்டுன்னும் சேர்த்தாங்க.

ரெண்டு விஷயத்தை கோர்ட் செய்யல. வளம் இருக்கோ இல்லையோ ஒவ்வொருத்தருக்கும் குறைஞ்சபட்சம் இவ்வளவு மருத்துவம் உடனே கொடுத்தே ஆகணும்னு ஒரு அடித்தளம் வகுக்கச் சொல்லி சில அமைப்புகள் கேட்டாங்க, அந்தக் குறைஞ்சபட்சம் எதுன்னு தீர்மானிக்க கோர்ட்டுக்கு தகவலும் திறமையும் இல்லன்னு மறுத்துட்டாங்க. இதுல நான் கோர்ட் பக்கம். மருந்தும் விலையும் வருஷா வருஷம் மாறுது, பதினோரு நீதிபதிங்க உட்கார்ந்து ஒரு நாட்டுக்கு மருந்துப் பட்டியல் போட முடியாது. ஆனா ரெண்டாவது, உத்தரவை எப்படி நிறைவேத்துறீங்கன்னு அரசு அப்பப்போ வந்து கோர்ட்டுக்கு அறிக்கை கொடுக்கணும்னு டாக் கேட்டது. அப்படி உத்தரவு போட எங்களுக்கு அதிகாரம் இருக்கு, ஆனா அரசு கோர்ட்டை மதிக்கும்னு நம்புறோம், இப்போ தேவை இல்லன்னு விட்டுட்டாங்க. நாலு மாசம் முன்னாடிதான் ஒரு அமைச்சர் டிவில அப்படி பேசியிருந்தார்.

தீர்ப்புக்கு அப்புறம்

என்ன நடந்துச்சுன்னா, சில மாகாணம் வேகமா பண்ணுச்சு, சிலது இழுத்துச்சு, ம்புமலங்கா மாகாணம் கிட்டத்தட்ட அசையவே இல்ல. அங்க மாகாண சுகாதாரப் பொறுப்பாளர் மேல 2002 கடைசில டாக் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு போட வேண்டியதாச்சு. எந்த ஆஸ்பத்திரில கொடுக்குறாங்க, எங்க இன்னும் கொடுக்கலன்னு கோர்ட்டுக்கு யார் சொல்றது? கிளை உறுப்பினர்களே கிளினிக் கிளினிக்கா போய் விசாரிச்சு எழுதினாங்க. கோர்ட் வச்சுக்காத கண்காணிப்பு வேலையை சம்பளம் இல்லாம அந்த டி-ஷர்ட் போட்ட பெண்கள் செஞ்சாங்க.

அதோட அந்தத் தீர்ப்பு குழந்தைக்குத் தொற்று வராம தடுக்கிற பத்திதான், குழந்தையைப் பெத்த தாய் உயிரோட இருக்கத் தேவையான மருந்து அதுல இல்ல. குழந்தையைக் காப்பாத்தி அம்மாவை சாக விடுறதான்னு கேள்வி வந்துச்சு. 2003 பிப்ரவரில கேப்டவுன்ல நாடாளுமன்றத்துக்குப் பெரிய ஊர்வலம், மார்ச்ல ஒத்துழையாமைப் போராட்டம், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அமைச்சர் மேல கொலைப் புகார் கொடுக்கிறது வரைக்கும் போச்சு. ஆகஸ்ட் 8ல அமைச்சரவை இறங்கி வந்துச்சு, நவம்பர்ல அரசு ஆஸ்பத்திரி வழியா எல்லாருக்கும் கூட்டு மருந்து கொடுக்கிற திட்டம் ஒப்புதல் ஆச்சு. அதுக்குன்னு தனியா ஒரு தீர்ப்பு தேவைப்படல, கோர்ட்டுக்குப் போனா என்ன ஆகும்னு அரசுக்கு 2002லயே தெரிஞ்சுருச்சு.

அமெரிக்காவுல ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008ல வெளியிட்ட கணக்குப்படி 2000லேர்ந்து 2005 வரைக்கும் அரசு காட்டின தாமதத்தால 3,30,000 பேருக்கு மேல இறந்தாங்க, 35,000 குழந்தைங்க தொற்றோட பொறந்தாங்க. தீர்ப்பு வந்த பிறகான மூணு வருஷமும் இந்தக் கணக்குக்குள்ளதான் வருது. அதே நாட்டுல, இன்னும் நல்ல மருந்து முறைகள் வந்த பிறகு 2010ல நடந்த தேசிய ஆய்வுல குழந்தைக்கு முதல் வாரங்கள்ல தொற்றுற விகிதம் 3.5 சதவீதம், அடுத்த வருஷம் 2.7. இன்னைக்கு 50 லட்சத்துக்கும் மேல ஆளுங்க அரசு வழியா சிகிச்சை எடுக்குறாங்க, உலகத்துலயே பெரிய திட்டம் அது.

கண்காணிப்பு விஷயத்துல கோர்ட் தப்பு பண்ணுச்சுன்னு நான் நினைக்கிறதுக்குக் காரணம் நம்ம ஊர்லயே இருக்கு. பிரிட்டோரியா தீர்ப்புக்கு பதினாறு நாள் முன்னாடி, 2001 நவம்பர் 28ல, நம்ம உச்ச நீதிமன்றம் பியூசிஎல்ங்கிற மக்கள் உரிமை அமைப்பு போட்ட உணவு உரிமை வழக்குல எல்லா மாநிலமும் அரசு ஆரம்பப் பள்ளிகள்ல சமைச்ச மதிய உணவு போடணும்னு உத்தரவு போட்டுச்சு. தமிழ்நாட்டுக்கு அது புதுசு இல்ல, காமராஜர் காலத்துலேர்ந்து இருக்கு, 1982ல எம்ஜிஆர் சத்துணவா பெருசு பண்ணார், மத்த மாநிலங்க முடியாதுன்னு சொல்ல முடியாத அளவுக்கு கண்ணு முன்னாடி நடந்துட்டிருந்த திட்டம், அங்க மேற்கு கேப் இருந்த மாதிரியே. அந்த உத்தரவையும் பல மாநிலங்க இழுத்தடிச்சாங்க. ஆனா உச்ச நீதிமன்றம் கோப்பை மூடல, வருஷக் கணக்கா கேஸைத் திறந்தே வச்சது, ஆணையர்களை நியமிச்சு எந்த மாநிலம் எவ்வளவு நிறைவேத்தியிருக்குன்னு அறிக்கை வாங்கினது, உணவு உரிமை இயக்கத்து ஆளுங்க ஊர் ஊரா எடுத்த கணக்கை அந்த ஆணையர்கள்கிட்ட நேரடியா கொடுக்க வழி இருந்துச்சு. அதுலயும் குறை நிறைய, இழுவை நிறைய, ஆனா ஒரு மாநிலம் உத்தரவை மீறுதுன்னா புதுசா வக்கீல் வச்சு அவமதிப்பு வழக்குன்னு முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல. தென்னாப்பிரிக்க நீதிமன்றமும் 2002 ஜூலைல மாகாணங்களை மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து கணக்கு சொல்லுன்னு கூப்பிட்டிருந்தா ம்புமலங்காவுல அந்த ஆறு மாசத்துல பொறந்த குழந்தைகளுக்கு அந்த சிரப் கிடைச்சிருக்கும்.